பங்கோரில் எந்தக் கரைக்குப் போவது?



பள்ளி விடுமுறை நெருங்கினால் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "சார், பங்கோர் போகிறோம். எங்கே தங்கலாம்?" நான் வாய் திறக்குமுன் விடையும் அவர்களிடமிருந்தே வந்துவிடும்: "தெலுக் நிப்பாதானே?" மேற்குக் கரையில் மணல் உண்டு, விடுதிகள் உண்டு. அத்துடன் தேர்வு முடிந்துவிடுகிறது.

இந்தத் தேர்வைத்தான் நான் கண்டிக்கிறேன்.

ஒருநாள் வகுப்பில் 1874ஆம் ஆண்டின் பங்கோர் ஒப்பந்தம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அத்தீவுக்கு இருமுறை சென்றுவந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சார், அது இந்தப் பங்கோரா?" என்றான். கடலில் குளித்ததையும் கோழி சுட்டுத் தின்றதையும் அழகாகக் கட்டுரை எழுதியவன் அவன். ஆண்டை மனப்பாடம் செய்திருந்தான், இடம் தெரியவில்லை.

குற்றம் அவனுடையதன்று. முன்பு ஒருமுறை மாணாக்கரை அங்கு அழைத்துச் சென்ற ஆசிரியர்களுள் நானும் ஒருவன். லுமுட்டிலிருந்து சென்ற படகை விட்டு இறங்கியதும் பிள்ளைகளை வேனில் ஏற்றி மேற்கே கொண்டுபோய்விட்டோம். கிழக்குக் கரையை அவர்கள் கண்ணாடி வழியாகத்தான் கண்டனர்.

அக்கரையில் என்னதான் இல்லை? பங்கோர் நகரத்தையொட்டி மீனவர் குடியிருப்புகள். நெத்திலி காயும் முற்றங்கள். மாசிமகம் கொண்டாடும் ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயம். சற்றுத் தெற்கே தெலுக் கெடோங்கில் டச்சுக் கோட்டை. பேராக்கின் ஈயத்தைச் சேமிக்க 1670இல் கட்டப்பட்டு, 1690இல் உள்ளூர் மக்களால் தாக்கப்பட்டு, 1743இல் மீண்டும் எழுப்பப்பட்டது அது. பேராக் ஆட்சியில் பிரிட்டிஷ் ரெசிடெண்டை அமர்த்திய ஒப்பந்தம் இத்தீவின் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. அந்த ஆதிக்கம் வேரூன்றி விரிந்த பிறகே, மலாய் மாநிலங்களின் ரப்பர்த் தோட்டங்களுக்கு நம் முன்னோர் பெருமளவில் கொண்டுவரப்பட்டனர். நம் பாட்டன் பூட்டன் கதைக்கும் இங்கே ஒரு வாசல் உண்டு.

"விடுமுறையிலுமா பாடம்?" என்பார்கள். பாடம் நடத்தச் சொல்லவில்லை. கோட்டைச் சுவரைத் தொட்டுப் பார்க்க அரைமணி நேரம் கொடுங்கள் என்கிறேன். "மீன் வாடை அடிக்குமே" என்று ஒரு தாயார் முகஞ்சுளித்தார். அம்மா, நாசி லெமாக்கில் நாம் விரும்பித் தின்னும் நெத்திலிக்கும் அதே வாடைதான். அதைக் காய வைக்கும் கைகளைப் பிள்ளை ஒருமுறை காணட்டும்.

மணலில் விளையாடுவதை நான் வெறுக்கவில்லை. மேற்கில் தங்குவோர் தாராளமாகத் தங்கலாம். ஆனால் ஒரு காலைப் பொழுதையாவது கிழக்குக்கு ஒதுக்குங்கள். தீவு சிறியது, வேனில் ஏறினால் சிறிது நேரத்தில் மறுகரை.

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த சுற்றுலாவின் நிகழ்ச்சி நிரலைத் தயாரிக்கும்போது விடுதிக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். வீடு திரும்பும் பிள்ளை எதைச் சொல்லப்போகிறான் என்பதையும் எண்ணிப் பாருங்கள். "அது இந்தப் பங்கோரா?" என்று இன்னொரு மாணவன் நம்மைக் கேட்கக்கூடாது.

சிந்திப்போம், செயல்படுவோம்.