போத்தலுக்குப் பின்னால் தமிழ் இல்லை

போன ஐப்பசி மழைக்குள் எங்கட வெள்ளவத்தை ப்ளாட்டில் குசினி பேசின் அடைச்சுப் போச்சு. பல குடும்பங்களின் தண்ணீர் ஒரே பைப்பால் இறங்குகிற தொடர்மாடியில் இருப்பவர்களுக்குத் தெரியும், இது ஒன்றும் அதிசயமில்லை. அம்மா காலி வீதிக்கு இறங்கி, கடைக்காரர் எடுத்துக் கொடுத்த அடைப்பெடுக்கிற திரவம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தா. ஊற்றினா. அரை மணித்தியாலம் பார்த்தா. தண்ணீர் அசையவில்லை. பொறுமை கெட்டு, கக்கூஸ் கழுவுகிற திரவத்தையும் அதுக்கு மேலேயே ஊற்றினா.

கொஞ்ச நேரத்தில் நீச்சல் தடாகத்தில் வருமே ஒரு மணம், அது மூக்கைக் குத்துகிற மாதிரி வந்தது. அம்மா இருமிக்கொண்டு வெளியே ஓடி வந்தா. அறைக்குள் அம்மம்மா. அவவுக்கு ஏற்கெனவே இழுப்பு. நான் அவவைப் பிடித்துக்கொண்டு படியால் கீழே இறங்கினேன். எல்லாருக்கும் மூச்சு சீராக ஒரு மணித்தியாலம் எடுத்தது. நல்ல காலம், அதோடு போச்சு.

பின்னேரம் அந்தப் போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கத்தில் பளபளக்கிற பேசின் படம். பின்பக்கத்தில் எறும்பு மாதிரி எழுத்தில் சிங்களமும் ஆங்கிலமும். வேறு எந்தத் திரவத்தோடும் கலக்கக் கூடாது என்று எழுதித்தான் இருந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் மட்டும் இல்லை. அம்மா 1996 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவ. கடையில் கதைக்கிற அளவுக்குச் சிங்களம் வரும், வாசிக்க வராது. சிவப்பு விளிம்பு போட்ட சதுரத்துக்குள் கையின் மேல் ஏதோ சொட்டுகிற படம் ஒன்றும் இருந்தது. அதைக் காட்டிக் கேட்டேன். "அது பாவிச்சிட்டுக் கையைக் கழுவச் சொல்லுது எண்டு நினைச்சன்" என்றா. இது தோலையும் உலோகத்தையும் அரிக்கும் என்பதுதான் அந்தப் படத்தின் அர்த்தம்.

வீட்டுக்கு வந்த எல்லாரும் அம்மாவுக்கு ஒரே புத்திதான் சொன்னார்கள்: "கவனமாப் பாவிக்கோணும்." எதில் கவனம் என்று சொல்லாமல் கவனமாக இரு என்றால் என்ன பிரயோசனம்? அம்மாவிடம் குறைந்தது கவனம் இல்லை, தகவல். நான் சொல்ல வருவதும் இவ்வளவுதான்: அரிக்கிற பொருளை விற்கிறவர்கள், அதன் எச்சரிக்கையைத் தமிழிலும் எழுதியே விற்க வேண்டும்.

நடந்ததை விளங்கிக்கொள்ள உயர்தரத்தில் இரசாயனவியல் படித்திருக்கத் தேவையில்லை. கலைப்பீடத்துக்காரியான எனக்கே விளங்குகிறது. அடைப்பெடுக்கிற சாமான்களில் சில கோஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ரொக்சைட். அது பைப்பில் படிந்த தேங்காய்ப்பால், மீன், இறைச்சிக் கொழுப்பைச் சவர்க்காரமாக மாற்றிக் கரைக்கும். தண்ணீர் பட்டவுடன் கடுமையாகச் சூடாகும். சில திரவங்களில் அதோடு ப்ளீச்சும் இருக்கும். வேறு சில நேரடி அசிட். கக்கூஸ் கழுவுகிற திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ப்ளீச்சும் அமிலமும் சந்தித்தால் குளோரின் வாயு வரும். 1915 இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மன் படை எதிரிகள் மேல் திறந்துவிட்டதும் இதே வாயுதான். எங்கட குசினியில் வந்தது அதில் ஒரு துளி. ஆனால் யன்னல் சின்னது, அம்மம்மாவின் நெஞ்சும் பலவீனமானது.

வெள்ளவத்தையில் போத்தலுக்குப் பின்னால் இரண்டு மொழியாவது இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டுக்குப் போனால் பேசினுக்குக் கீழே ஒரு பழைய சோடாப் போத்தலில் அசிட் நிற்கும். கடையில் அளந்து ஊற்றிக் கொடுத்தது. அதில் எந்த மொழியும் இல்லை. அந்த வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை ஒன்று ஓடித் திரிகிறது. சோடாப் போத்தல் என்றால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இது வேறு நாட்டிலும் நடந்த கதைதான். நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் வீடு கழுவ வைத்திருந்த கோஸ்டிக்கைச் சீனி என்றோ பால் என்றோ நினைத்துப் பிள்ளைகள் விழுங்கினார்கள். உணவுக்குழாய் வெந்து சுருங்கி, தண்ணீர்கூட விழுங்க முடியாத பிள்ளைகள் பிலடெல்பியாவில் செவாலியர் ஜாக்சன் என்ற தொண்டை வைத்தியரிடம் வந்தார்கள். அவர் பெற்றோரைத் திட்டிக்கொண்டு இருக்கவில்லை. டின்னில் எச்சரிக்கை இல்லாததுதான் பிழை என்று வருஷக்கணக்காகப் போராடினார். 1927 இல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. அரிக்கிற பொருள் என்றால் 'நஞ்சு' என்ற சொல்லும், பட்டால் என்ன செய்வது என்பதும் லேபிளில் இருக்க வேண்டும் என்றது அது.

"லேபிளை ஆர்தான் வாசிக்கினம்?" என்று என் சிநேகிதி கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்கு ஆங்கிலம் தெரியும், நானும் அதுவரை வாசித்ததில்லை. ஆனால் வாசிக்காமல் விடுவதும் வாசிக்க முடியாமல் இருப்பதும் ஒன்றல்ல. அம்மா மருந்துத் துண்டைக்கூட எழுத்துக்கூட்டி வாசிக்கிறவ. 1987 இல் 13ஆம் திருத்தம் வந்ததிலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அந்தத் தமிழ் பெயர்ப்பலகையில் இருந்தால் போதாது, கையைச் சுடுகிற போத்தலிலும் இருக்க வேண்டும்.

அதுவரைக்கும், அம்மாவுக்கு நான் தமிழில் எழுதிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் மருந்தே வேண்டாம். ரப்பர் பம்பால் அடித்துப் பாருங்கள். சரிவராவிட்டால் வாளியை வைத்து, பேசினுக்குக் கீழே வளைந்திருக்கிற பைப்பைக் கழற்றிக் கழுவுங்கள். தேயிலைச் சக்கையும் சோறும் பெரும்பாலும் அதற்குள்தான் நிற்கும். மருந்துதான் என்றால் ஒரே ஒரு மருந்து. வேலை செய்யவில்லையா, இன்னொன்றை ஊற்றாதீர்கள். யன்னலைத் திறந்து, கையுறையும் கண்ணாடியும் போட்டு, முகத்தைப் பேசினுக்கு நேரே பிடிக்காமல் ஊற்றுங்கள். கோஸ்டிக் துகளைக் கரைக்கச் சொல்லியிருந்தால் குளிர்ந்த தண்ணீருக்குள் துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், துகளின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, கோஸ்டிக் அதைத் தின்று ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். மருந்து ஊற்றின பிறகு பம்பால் அடிக்கவோ பைப்பைக் கழற்றவோ வேண்டாம். பாஸைக் கூப்பிட்டால், என்ன ஊற்றினீர்கள் என்று அவரிடம் முதலே சொல்லுங்கள். அந்தத் தண்ணீருக்குள் கை வைக்கப் போவது அவர்.

தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடுகிற தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவுங்கள். தேசிக்காய், வினாகிரி ஒன்றும் பூச வேண்டாம். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கப் பண்ணாதீர்கள், போகும்போது சுட்டது வரும்போதும் சுடும். 1990 க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது என்பதையும் ஞாபகம் வைத்திருங்கள்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு உங்கட குசினிக்குப் போய் அந்தப் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். தமிழ் இல்லையென்றால் படம் எடுத்து, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள், அல்லது 1977 க்கு அடித்துச் சொல்லுங்கள். நானும் எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. ஒரு ஆள் எழுதினால் அது முறைப்பாடு. நூறு பேர் எழுதினால் பதில் சொல்லத்தான் வேண்டும்.

எங்கட வீட்டுப் போத்தலில் இப்ப வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறது. "நஞ்சு. வேற ஒண்டோடையும் கலக்காதே." அம்மா தன் கையாலேயே எழுதினா. பெரியம்மாவுக்கும் ஒன்று எழுதி வைத்திருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போகும்போது ஒட்ட வேண்டும். முதலில் அந்தச் சோடாப் போத்தலை மேல் தட்டுக்கு ஏற்ற வேண்டும்.