அறிவைக் காட்டும் திரையா? மறைக்கும் திரையா?

தமிழ்நாட்டுக் கல்லூரி அரங்குகளில் அறிவியலின் பெயரால் ஒரு கண்கட்டு வித்தை நடைபெறுகிறது. விளக்குகள் அணைகின்றன, திரையில் மின்னணு நுண்ணோக்கிப் படமொன்று ஒளிர்கிறது. பத்தாயிரம் மடங்கு உருப்பெருக்கம் என்று ஆங்கிலத்தில் முழங்குகிறார் பேராசிரியர். படத்தின்மேல் எறும்பு ஊர்ந்தாற்போல் ஆங்கில எழுத்துகள்! ஒரு படம் விளங்குமுன் மறுபடம் வந்துவிடுகிறது. மாணவன் கண்டவை கரும்புள்ளிகளும் வெண்புள்ளிகளுமே!

அந்த மடங்குக் கணக்கு அங்கே பொருந்துமா? அது படத்தின் ஓர் அளவுக்கு மட்டுமே உரியது. சுவரளவு விரித்த பின்னும் அதே பத்தாயிரத்தைச் சொல்வது பொய்க்கணக்கு. படத்தோடு தானும் வளர்ந்து, தானும் சுருங்கும் அளவுக்கோடு ஒன்றே உண்மை கூறும். அதையோ பலர் கண்ணுக்கெட்டாத சிறு கீற்றாக மூலையில் ஒடுக்கிவிடுகின்றனர்.

கூர்மைப் பெருமையும் அத்தகையதே. 4096-க்கு 4096 புள்ளிகள் கொண்ட படத்தை, 1920-க்கு 1080 புள்ளிகளே காட்டும் கருவியால் முழுதாக வீழ்த்தினால், ஏறத்தாழ 14-இல் ஒரு பங்குப் புள்ளிகளே திரைக்கு வரும். முழுப்படத்தை முதலில் காட்டி, வேண்டிய இடத்தைக் கட்டமிட்டு, அப்பகுதியை மட்டும் பெருக்கிக் காட்டுவதன்றோ கற்பிக்கும் முறை? மின்னணு நுண்ணோக்கி இயற்கை நிறத்தைக் காட்டுவதில்லை. பின்னர் ஏற்றிய நிறத்தைச் சொல்லாமல் காட்டுவது ஏமாற்றே.

இவற்றினும் பெருங்கேடு மொழிக்கேடு. "ஆங்கிலமின்றி நுண்ணோக்கியியல் ஏது?" என்பார் வரலாறு அறியாதார். அறிஞருலகில் இலத்தீன் கோலோச்சிய 1665-இல், இராபர்ட்டு ஊக்கு தம் நுண்ணோக்கிப் படங்களைத் தம் தாய்மொழியாகிய ஆங்கிலத்திலேயே விளக்கினார். தக்கைச் சீவலில் தேனடை போன்ற அறைகளைக் கண்டு, மக்கள் வழக்கிலிருந்த எளிய சொல்லையே அவற்றுக்கு இட்டார். தெல்பு நகரத்துத் துணி வணிகர் இலீவன்ஊக்கு இலத்தீன் அறியார், ஆங்கிலமும் அறியார். நுண்ணுயிர்களைக் கண்ட செய்தியை 1676-இல் தம் தச்சு மொழியிலேயே எழுதினார். இலண்டன் அரச கழகம் அதனை மொழிபெயர்த்துக் கொண்டது. 1680-இல் அவரை உறுப்பினராகவும் ஏற்றது. மின்னணு நுண்ணோக்கியைப் படைத்த நோலும் உருசுக்காவும் 1932-இல் செருமானிய மொழியிலேயே எழுதினர். கண்டவன் தன் மொழியில் கூறினான். உலகம் தேடி வந்தது!

தமிழில் சொல் இல்லையா? கண்ணறை, கரு, நுண்ணுயிரி, பிரிதிறன் ஆகியவை சொற்கள் அல்லவா? ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்கள் இழைமணி என்று எழுதிய பின்னும், இங்கே 'மைட்டோகாண்டிரியா' என்று நாக்குளறுவது ஏன்? சொல்லில் வறுமையில்லை, நெஞ்சில்தான் அடிமைத்தனம்!

வெளிநாட்டு இதழுக்கு ஆங்கிலத்தில் எழுதுங்கள், தடுப்பார் யாருமில்லை. தமிழ் மாணவன் முன் நிற்கும்போது தமிழில் பேசுங்கள்! படத்தின் உறுப்புகளைத் தமிழில், கடைசி வரிசைக்கும் தெரியும் எழுத்தில் குறியுங்கள்! நாற்பது படங்களை ஓட்டுவதினும் நான்கு படங்களை விளக்குங்கள்!

முன்பு வடமொழித் திரையிட்டு அறிவை மறைத்தனர். இன்று ஆங்கிலத் திரையிட்டு மறைக்கின்றனர். மாணவ இளைஞர்களே, அடுத்த அரங்கில் எழுந்து நின்று, "ஐயா, இதைத் தமிழில் விளக்குங்கள்!" என்று கேளுங்கள். அக்கேள்வியே திரையைக் கிழிக்கும்!