இரவையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கல்விச் சுற்றுலா போகாத பாடசாலை நம் நாட்டில் குறைவு. விடியற்காலையில் பஸ் ஏறுகிறோம். உச்சி வெயிலில் இறங்கி, வரிசையாக நடந்து, இரண்டு மணித்தியாலத்தில் எல்லாக் கூடுகளையும் பார்த்து முடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் புறப்படுகிறோம். வீடு திரும்பிய பிள்ளையிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால், யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் சொல்லிவிட்டு, "மத்ததெல்லாம் நித்திர" என்று முடித்துவிடும். மிருகங்கள் மேல் குற்றமில்லை. நாம் போகும் நேரம் அப்படி.

பாலூட்டிகளில் பெரும்பாலானவை இரவில் நடமாடுபவை. நம் நாட்டுக்கே உரிய செந்தேவாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கைக்குள் அடங்கிவிடும் அந்தச் சிறிய உயிர் பகலில் உருண்டையாகச் சுருண்டு கிடக்கும். இருட்டிய பிறகுதான் கிளைக்குக் கிளை நடந்து பூச்சி பிடிக்கும். எறும்பையும் கறையானையும் தின்று வாழும் அழுங்கும் அப்படித்தான். முள்ளம்பன்றி, மரநாய், மீன்பிடிப் பூனை, ஆந்தை என்று பட்டியல் நீளும். பகலில் மட்டும் பார்க்கப் போகிறவன் இவற்றின் வாழ்க்கையைப் பார்ப்பதில்லை, படுக்கையைத்தான் பார்க்கிறான்.

ஆகவே பிள்ளைகளை ஓர் இரவாவது மிருகங்களிடம் அழைத்துப் போக வேண்டும் என்பது என் கருத்து. பெண்பிள்ளைகளை முக்கியமாக அழைத்துப் போக வேண்டும்.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. கடந்த வருட இறுதி விடுமுறையில், மாமா தொழில் செய்யும் சிங்கப்பூருக்குக் குடும்பமாகப் போயிருந்தோம். அங்கே நைட் சஃபாரி என்றோர் இடம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அது, இரவுக்கென்றே அமைக்கப்பட்ட உலகின் முதலாவது மிருகக்காட்சிச்சாலை. 35 ஹெக்டேயர் காடு. மாலை ஏழேகால் மணிக்குத் திறந்து நள்ளிரவில் மூடுகிறார்கள். மஃரிப் தொழுதுவிட்டு உம்மா, ஏழு வயதுத் தம்பி, சாச்சியின் இரண்டு பிள்ளைகள் எல்லோரும் போனோம்.

அங்கே கம்பிக் கூடுகள் கண்ணில் படவில்லை. பள்ளங்களும் நீரோடைகளும்தான் எமக்கும் மிருகங்களுக்கும் இடையில் இருந்தன. வெளிச்சம் நிலாவெளிச்சம் போல மங்கலாக இருந்தது. கமராவில் ஃபிளாஷ் போடக் கூடாது, சத்தம் போடக் கூடாது. வீட்டில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருக்காத என் தம்பி, மீன்பிடிப் பூனை இருந்த இடத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். அது நீரோரத்தில் குந்தி, நீரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்காக அவனும் காத்திருந்தான். வெகுநேரத்துக்குப் பிறகு பூனை முன்னங்காலால் நீரில் ஓர் அடி அடித்தது. மீன் சிக்கவில்லை. "ராத்தா, அதுக்கு இண்டைக்குச் சாப்பாடு இல்லையா?" என்று என் காதுக்குள் கேட்டான். ஒரு மிருகத்தின் பசியைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அது. அதுவரை அவன் கேட்டதெல்லாம் எது பெரிது, எது கடிக்கும் என்பதுதான்.

அதே பூனை எங்கள் கொழும்பில் இருக்கிறது என்று சொன்னபோது அவன் நம்பவில்லை. உண்மையில் கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களில் மீன்பிடிப் பூனைகள் இன்றும் வாழ்கின்றன. அந்தச் சதுப்பு நிலங்களுக்காகவே கொழும்புக்கு 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் தன் முதலாவது மிருகக்காட்சிச்சாலையை அமைக்க நினைத்தபோது ஆலோசகராக அழைத்தது எமது தெஹிவளையின் பணிப்பாளராக இருந்த லின் டி அல்விஸ் அவர்களைத்தான். அறிவு இங்கிருந்து அங்கே போயிருக்கிறது. நம் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு பங்கு வேண்டாமா?

இதற்கு மறுப்புச் சொல்வோர் இருக்கிறார்கள். அடைபட்ட மிருகத்துக்குச் சனம் கலைந்த பிறகுதான் நிம்மதி, அந்த நேரத்தையும் பறிக்கலாமா என்று என் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. பகலில் விழித்திருந்து இரவில் உறங்கும் மிருகங்களின் பக்கமே போகக் கூடாது. இரவில் விழித்திருப்பவற்றிடமும் சிறு குழுவாகத்தான் போக வேண்டும். வெள்ளை டோர்ச் வெளிச்சத்தைக் கண்ணில் அடிக்கக் கூடாது. தேவாங்கைத் தேடிக் காட்டுக்குப் போகும் ஆய்வாளர்கள் சிவப்பு வெளிச்சம்தான் பயன்படுத்துகிறார்கள், ஏனென்றால் அது அவற்றை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. இந்த ஒழுங்குக்குக் கட்டுப்பட முடியாத கூட்டம் இரவில் போகாமல் இருப்பதே மேல்.

இரண்டாவது மறுப்பு பெற்றோர்களுடையது. "பொம்புளப் புள்ளைக்கு ராவையில என்ன வேல?" என்பார்கள். அந்தக் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மஃரிபுக்கு முன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லி வளர்த்தது எங்கள் மீதுள்ள அன்பினால்தான். தனியாக அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கூட வாருங்கள் என்றுதான் கேட்கிறேன். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருட்டைப் பார்த்த பிள்ளைக்கு, இருட்டில் என்ன இருக்கிறது, எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்சத் தேவையில்லை என்பது தெரியும். கதவுக்குப் பின்னால் இருந்து கேட்ட பிள்ளைக்கு எல்லாச் சத்தமும் பேய்தான்.

இதில் விளையாட்டை விடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது. எங்கள் கல்லூரியில் உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கும் நாங்கள் எல்லோரும் வைத்தியராகப் போவதில்லை. சிலருக்கு விலங்கியல் கிடைக்கும், அதை விரும்பிப் படிக்கக் கூடியவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். ஆனால் தேவாங்கையும் அழுங்கையும் ஆராய வேண்டுமானால் இரவில் வெளியே நிற்க வேண்டும். பதினெட்டு வருடம் இரவையே காணாத ஒருத்தி அந்தப் படிப்பை எப்படித் தெரிவு செய்வாள்? அவளுக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியாது. பிறகு எங்கள் காட்டைப் பற்றி எழுத எங்கள் பெண்கள் யாருமில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

அறியாமையினால் மிருகங்களுக்கும் கேடுதான். தேவாங்கின் கண் மருந்தாகும், மாந்திரீகத்துக்கு உதவும் என்று நம்பி அதைக் கொன்றவர்கள் நம் நாட்டில் இருந்திருக்கிறார்கள். உயிரோடு ஒரு தேவாங்கு மெல்ல மெல்லக் கிளையில் நடந்து போவதை ஒரு தடவை பார்த்த பிள்ளை அப்படிப்பட்ட பேச்சை நம்பாது.

எல்லோராலும் சிங்கப்பூர் போக முடியாது என்பது எனக்குத் தெரியும். மாமா செலவை ஏற்காவிட்டால் நாங்களும் போயிருக்க மாட்டோம். ஆனால் இரவு எல்லா ஊரிலும் வருகிறது. கொல்லை மாமரத்துக்கு வௌவால் வருகிறது. கூரை ஓட்டில் மரநாய் ஓடுகிறது. டோர்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டு, இஷாத் தொழுகைக்குப் பிறகு அரை மணித்தியாலம் பிள்ளைகளோடு முற்றத்தில் பேசாமல் இருந்து பாருங்கள். செலவு ஒரு கண்ணாடித்தாள் மட்டும்.

கல்லூரிக்கும் என்னிடம் ஒரு கோரிக்கை உண்டு. வருடாந்தச் சுற்றுலாவில் ஒரே பகலில் ஆறு இடங்களுக்கு ஓடுவதை விட்டு, ஒரு தடவையாவது ஒரே இடத்தில் ஓர் இரவு தங்குவோம். இருபது மாணவிகள், அவர்களின் உம்மாமார், இரண்டு ஆசிரியைகள் போதும். மிருகக்காட்சிச்சாலையோ வனப் பூங்காவோ, முறைப்படி அனுமதி கேட்டுப் பார்ப்போம். கிடைக்காவிட்டால் கல்லூரி மைதானத்தில் பாய் விரித்துத் தொடங்கலாம். பெற்றோர்களே, அதற்கான சம்மதக் கடிதம் உங்கள் கைக்கு வரும் நாளில், "இல்லை" என்று எழுதும் முன் மகளிடம் ஒரு தடவை கேளுங்கள். முடிந்தால் உங்கள் பெயரையும் அவளுடைய பெயருக்குக் கீழே எழுதிக் கொடுங்கள்.