கை நடுக்கம் தெரிகிறது; மன வாட்டம் தெரியவில்லை

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு பெரிய வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டு கொண்டே போகும் வீடு. ஒரு காலத்தில் ஐம்பது பேருக்கு இலை போட்ட வீட்டில், இப்போது இரண்டே பேர். செட்டியாருக்கு வயது 68. ஆச்சிக்கு 63. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். மகள் சென்னையில்.

செட்டியாருக்கு வலது கை நடுங்குகிறது. மடியில் சும்மா வைத்திருக்கும் போதுதான் நடுக்கம் அதிகம். எழுத்து எறும்பு போலச் சிறுத்து விட்டது. மதுரைக்கு அழைத்துப் போனார்கள். பெரிய டாக்டர் பார்த்து, "பார்க்கின்சன் நோய். நடுக்குவாதம் என்பார்கள்" என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். நடை தேறியது. சட்டைப் பித்தானைச் செட்டியார் இப்போது தாமே போட்டுக் கொள்கிறார்.

ஆனால் மனிதர் பழைய மனிதராக இல்லை.

பத்திரிகை வந்தால் பிரிப்பதில்லை. கொப்புடையம்மன் கோவிலுக்குப் போவதில்லை. கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால், "நான் வந்து என்ன ஆகப் போகுது?" என்கிறார். ராத்திரி 2 மணிக்கு விழித்துக் கொண்டு, வளவில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

"அவுகளுக்கு என் மேல என்னமோ கோபம். முகங்கொடுத்துப் பேச மாட்டேங்கிறாக" என்று ஆச்சி அடுத்த வீட்டில் சொல்லி அழுகிறார்.

மகன் ஞாயிறு தோறும் போன் செய்கிறான். "அப்பச்சி, மாத்திரை சாப்பிட்டீகளா? கை எப்படி இருக்கு?" என்று கேட்கிறான். "பரவாயில்லை" என்கிறார் தகப்பனார். அத்துடன் பேச்சு முடிகிறது.

இது கற்பனை வீடுதான். ஆனால் இந்த நோய் உள்ள குடும்பத்தார் இதைப் படித்தால், "எங்கள் வீட்டை எட்டிப் பார்த்து எழுதியது போல இருக்கிறதே" என்பார்கள்.

கோபமும் இல்லை, வயதும் இல்லை

செட்டியாருக்கு ஆச்சி மேல் கோபம் இல்லை. வயதானதால் வந்த சலிப்பும் இல்லை. அந்த மன வாட்டம், கை நடுக்கத்தைப் போலவே நோயின் ஒரு பகுதி. இதற்கும் வைத்தியம் உண்டு. இதை அறியாமல் எத்தனையோ பேர் ஆண்டுக் கணக்கில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த நோயை முதன் முதலில் விரிவாக எழுதியவர் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன். 1817-ம் ஆண்டு ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஆறே ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி! அப்படியிருந்தும் நடுக்கம், கூனல், தள்ளாடி ஓடும் நடை எல்லாவற்றையும் அச்சாகப் படம் பிடித்து விட்டார். தூக்கக் கேட்டையும், மலச்சிக்கலையும் கூடக் குறிப்பிட்டார். ஆனால் புலன்களுக்கும் அறிவுக்கும் பழுது இல்லை என்று எழுதி விட்டார். அந்த வாக்கியம் நீண்ட காலம் டாக்டர்களின் கண்ணை மறைத்தது. கையை நீட்டச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள், மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

மூளையின் அடியில் கருமையான ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்கே உள்ள உயிரணுக்கள் டோபமின் என்ற ரசாயனப் பொருளைச் சுரக்கின்றன. கை காலை இஷ்டப்படி அசைக்க அது வேண்டும். இந்த நோயில் அந்த உயிரணுக்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. டோபமின் குறைகிறது, கை நடுங்குகிறது, உடல் இறுகுகிறது. இதுவரை பலருக்கும் தெரியும்.

தெரியாதது இது: குறைவது டோபமின் மட்டும் அல்ல. மன நிலையையும் தூக்கத்தையும் கவனிக்கிற செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற பொருள்களும் குறைகின்றன. அதனால்தான் இந்த நோய் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச் சோர்வு உண்டாகிறது. சிலருக்குக் கை நடுங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே மனச் சோர்வு வந்து விடுகிறது.

முன்கூட்டியே வரும் அடையாளங்கள்

செட்டியார் வீட்டுக் கதையைப் பின்னோக்கிப் பார்ப்போம். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அடுப்பில் குழம்பு கருகியது. ஆச்சி பின்கட்டிலிருந்து ஓடி வந்தார். அடுப்படிக்கு அருகிலேயே இருந்த செட்டியாருக்கு வாசனையே தெரியவில்லை. "மூக்கடைப்பு" என்று விட்டு விட்டார்கள். பிறகு மலச்சிக்கல். பிறகு தூக்கத்தில் கத்துவது, கனவில் யாருடனோ சண்டையிட்டுக் காலை உதைப்பது. ஆச்சிக்கு விலாவில் ஓர் உதை விழுந்ததும் உண்டு! "கெட்ட கனவு" என்று திருநீறு பூசினார்கள்.

மோப்பம் போவது, மலச்சிக்கல், தூக்கத்தில் உதைப்பது இவை நடுக்கத்துக்குப் பல ஆண்டு முன்னே வரக் கூடியவை. மூக்கடைத்தவர்களுக்கு எல்லாம் இந்த நோய் வரும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் மூன்றும் ஒருவருக்கே சேர்ந்து வந்தால் டாக்டரிடம் சொல்லுவது நல்லது.

நோய் முற்றும் போது இன்னொன்றும் நேரலாம். "வளவுத் தூண் பக்கம் யாரோ நிற்கிறார்கள்" என்று பெரியவர் சொல்லுவார். பழைய வீடு, உடனே பேய், பிசாசு என்று பேச்சு கிளம்பி விடும். பூசாரியைத் தேட வேண்டாம். இது நோயாலும் வரும்; சாப்பிடும் மாத்திரையாலும் வரும். இந்தத் தோற்றங்களுக்கு என்று சாதாரணமாகக் கொடுக்கும் சில மருந்துகள் நடுக்குவாதத்தை அதிகமாக்கி விடும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் அப்படியே. ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும், "இவருக்குப் பார்க்கின்சன் இருக்கிறது" என்று முதலில் சொல்லி விட வேண்டும்.

சிரிக்காத முகம்

ஆச்சி ஏமாந்தது எங்கே? செட்டியாரின் முகத்தில். இந்த நோயில் முகத் தசைகள் இறுகுகின்றன. கண் இமைப்பது குறைகிறது. குரல் தாழ்ந்து விடுகிறது. பேரனைப் பார்த்து உள்ளே மகிழ்ச்சி பொங்கினாலும் முகம் மரம் போல இருக்கும். பார்ப்பவர்கள் "முறைக்கிறார்" என்று நினைக்கிறார்கள்.

குத்துச் சண்டை வீரர் முகமது அலியை எல்லோருக்கும் தெரியும். 1980-ல் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிச் சண்டை போட்டார். வாய் ஓயாமல் பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. 1984-ல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையால் தீபம் ஏற்றினார். அந்தப் பேச்சும் குறும்புச் சிரிப்பும் அப்போது முகத்தில் இல்லை. அதற்காக அவர் உள்ளத்திலும் மகிழ்ச்சி இல்லை என்று யார் சொல்ல முடியும்?

முகத்தைப் பார்த்து மனசைக் கண்டு பிடிக்க முடியாத நோய் இது. வாய் திறந்து கேட்கத்தான் வேண்டும்.

சென்னையில் பிரிந்த மருந்து

இந்த நோய்க்கு முக்கியமான மருந்து லெவோடோபா. நம் வேலியோரத்தில் படரும் பூனைக்காலிக் கொடியின் விதையில் இந்தப் பொருள் இருக்கிறது. காயின் சுணை பட்டால் அரிக்குமே, அதே பூனைக்காலிதான். 1937-ல் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் சென்னையில் அந்த விதையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அது நடுக்குவாதத்துக்கு நல்ல மருந்து என்று உறுதியானது 1967-ல், அமெரிக்காவில் டாக்டர் கோட்சியாஸ் செய்த சிகிச்சையால். முப்பது ஆண்டு இடைவெளி! இதைப் படித்து விட்டுப் பூனைக்காலியை அரைத்துக் குடிக்க வேண்டாம். அளவு தெரியாது, மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து.

லெவோடோபா கை காலுக்குச் செய்கிற உதவியை மனச் சோர்வுக்கு முழுதும் செய்வதில்லை. சோர்வுக்குத் தனியாக மருந்து இருக்கிறது. மன நல டாக்டரோ, பயிற்சி பெற்றவரோ உட்கார வைத்துப் பேசும் சிகிச்சையும் இருக்கிறது. தினமும் நடப்பதும், உடற்பயிற்சியும் உதவும். எந்தச் சோர்வு மருந்து எந்தப் பார்க்கின்சன் மாத்திரையோடு ஒத்துப் போகும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் கூடாது.

இன்னொரு சங்கதி. பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலருக்கு அடக்க முடியாத ஆசையைக் கிளப்பி விடும். ஆயுளில் சீட்டைத் தொடாதவர் கைபேசியில் ரம்மி ஆடிப் பணத்தை இழப்பார். குடும்பத்தார் குணத்தைப் பழிக்கிறார்கள். குற்றம் மாத்திரையுடையதாக இருக்கலாம். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

எங்கே போவது?

நோயாளியைக் கவனிக்கும் ஆச்சிக்கும் தூக்கம் இல்லை. அவரிடம் "நீங்க எப்படி இருக்கீக?" என்று கேட்பாரும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் போது இருவரும் பேச வேண்டும். மூன்று நிமிஷத்தில் மருந்துச் சீட்டு எழுதும் இடங்களில் இது கஷ்டம்தான். ஆனாலும், கேட்க மறந்த டாக்டரிடம் குடும்பத்தாரே சொல்லி விடலாம். தூக்கம், பசி, மலச்சிக்கல், எழுந்தால் தலை சுற்றுவது, பயம், அழுகை எல்லாவற்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டு போனால் போதும்.

இது நம் அரசாங்கத்துக்கும் பொருந்தும். சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் பார்க்கின்சன் நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டப்படி சான்றிதழ் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. சான்றிதழுக்கு வருகிறவரின் கை நடுக்கத்தை அளப்பதோடு நிற்காமல், மன நல டாக்டரும் அதே நாளில் ஒரு தடவை பார்க்க ஏற்பாடு செய்தால் என்ன? கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிற வயதானவர்கள் இரண்டாம் முறை வர மாட்டார்கள்.

"நான் இருந்து என்ன பயன்?" என்ற பேச்சு வந்தால் அடுத்த மாத ஆஸ்பத்திரித் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மன நல உதவி அது. காசு இல்லை, தமிழிலேயே பேசலாம்.

சிங்கப்பூர் மகனுக்கும் ஒரு வார்த்தை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாத்திரையைக் கேட்டு விட்டுப் போனை வைத்து விடாதீர்கள். "ராத்திரி தூங்குறீகளா அப்பச்சி? மனசுக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமாகும். இந்த நோயில் பேச்சு எழும்பவே கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை காத்திருங்கள்.