வலி நின்றதும் வைத்தியம் முடிந்துவிடுகிறதா?

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல்வதோடு சரி. பல் வலித்தால் முதலில் கிராம்பு, அப்புறம் உப்புத் தண்ணீர், அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் "பல்வலிக்கு ஏதாவது குடுங்க". அதற்கும் அடங்காமல் ராத்திரித் தூக்கம் போன பிறகுதான் பல் டாக்டர். அவர் எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டு "ரூட் கேனால் பண்ணணும்" என்றதும் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "ரொம்ப வலிக்குமா டாக்டர்?"

மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வதால் பெரும்பாலானவர்களுக்குப் பெரிய வலி இருப்பதில்லை. உண்மையில் கேட்க வேண்டியது வேறு. "இது எதனால் தோற்றுப்போகும்? தோற்காமல் இருக்க என்ன செய்யணும்?" இதை நோயாளிகள் கேட்பதில்லை. பல டாக்டர்கள் தாங்களாகச் சொல்வதும் இல்லை. பாதிப் பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

உள்ளே நடப்பது என்ன?

பல்லின் மேல் ஓடு எனாமல். அதற்குள் டென்டின். நடுவில் ரத்தக்குழாய்களும் நரம்பும் உள்ள பல்கூழ். சொத்தை அதுவரை போய்விட்டால் கூழ் வீங்கும். சுற்றிலும் கெட்டியான சுவர், விரிய இடமில்லை. உயிர் போகிற வலி அதனால்தான். கொஞ்ச நாளில் கூழ் செத்துவிடும், வலியும் நின்றுவிடும். "சரியாயிடுச்சு" என்று நினைக்கிற அந்த நேரத்தில், கிருமிகள் வேர் நுனி வழியாக எலும்புப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்.

எல்லாவற்றுக்கும் கிருமிதான் காரணம் என்பதை 1965-ல் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூவர் எலிகளில் காட்டினார்கள். பல்கூழைத் திறந்துவிட்டபோது சாதாரண எலிகளுக்கு அது அழுகிச் செத்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்குக் கூழ் பிழைத்துக்கொண்டது.

ஆக, ரூட் கேனால் என்பது கிருமியை வெளியேற்றி, திரும்ப நுழையாமல் அடைக்கிற வேலை. ஃபைல் என்ற மெல்லிய கம்பிகளால் வேரின் கால்வாயைச் சுரண்டி, சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தால் கழுவி, கட்டாபெர்ச்சா வைத்து அடைப்பார்கள். (இது மலேயாப் பக்கத்து மரம் ஒன்றின் பாலிலிருந்து வருவது. 19-ம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கேபிள்களுக்கு உறை போட்டதும் இதை வைத்துத்தான்!) வெறும் ஆன்டிபயாடிக் போட்டு ஏன் சமாளிக்க முடியாது என்றால், செத்த கூழுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. மாத்திரை அங்கே போய்ச் சேர வழியில்லை.

எங்கெல்லாம் தப்பலாம்?

பெரும்பாலான ரூட் கேனால்கள் நல்லபடியாகவே முடிகின்றன. ஆனால் டாக்டர் வேலை செய்வது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத, வளைந்து நெளிந்த பாதையில். மேல் வரிசையின் முதல் கடைவாய்ப்பல்லுக்கு வேர் மூன்று என்றாலும், பலருக்கு நான்காவதாக ஒரு கால்வாய் ஒளிந்திருக்கும். அது விட்டுப்போனால் கிருமி அங்கேயே தங்கிவிடும். ஃபைல் உள்ளே உடைந்து மாட்டிக்கொள்ளலாம். வேரின் சுவரில் ஓட்டை விழலாம். கழுவுகிற திரவம் வேர் நுனியைத் தாண்டினால் கடும் வலியும் வீக்கமும் வரும். கீழ்க் கடைவாய்ப்பல்லில் அடைக்கிற பொருள் அளவுக்கு மீறிப் போய் நரம்பைத் தொட்டால் உதடு மரத்துப்போகலாம். கடைசி மூன்றும் அபூர்வம். முடிந்தபின் இரண்டு மூன்று நாள் லேசான வலி இருப்பது சகஜம். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ சகஜம் இல்லை, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இதெல்லாம் டாக்டர் பக்கம். நோயாளி பக்கம் நடப்பது இன்னும் சாதாரணமான விஷயம்: முதல் சிட்டிங்கிலேயே வலி போய்விடும், அப்புறம் ஆளைக் காணோம். தற்காலிகமாக வைத்த அடைப்பு சில வாரங்களில் தேய்ந்து கசியும். கிருமி திரும்ப உள்ளே போகும். எல்லா சிட்டிங்கும் முடித்தவர்களில் சிலர் கேப் போடாமல் நிறுத்திவிடுவார்கள். சொத்தையிலும் சிகிச்சையிலும் பாதிச் சுவரை இழந்த கடைவாய்ப்பல் ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது இரண்டாகப் பிளக்கும். வேர்வரை பிளந்த பல்லைப் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும். அதுவரை செலவழித்த காசு, நேரம் எல்லாம் வீண்.

சோம்பேறித்தனம் என்று நோயாளியைத் திட்டிவிடலாம். ஆனால் பல கிளினிக்குகளில் முதல் நாள் சொல்வது ரூட் கேனாலுக்கு மட்டும் உண்டான தொகை. கேப்புக்குத் தனியாக ஆயிரக்கணக்கில் ஆகும் என்பது கடைசியில்தான் தெரியும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் "வலிதான் இல்லையே, அடுத்த மாசம் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவதில் என்ன ஆச்சரியம்? மொத்தச் செலவையும் முதல் நாளே சொல்வதுதான் நேர்மை. அப்போதுதான் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாமா, பல்லை எடுத்துவிடலாமா என்று அவரே யோசித்து முடிவெடுக்க முடியும்.

சிக்கல்களையெல்லாம் சொன்னால் நோயாளி பயந்து ஓடிவிடுவார் என்பது டாக்டர்கள் பக்கத்து வாதம். கொஞ்சம் உண்மைதான். ஆனால் டாக்டர் சொல்லாமல் விட்ட இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும். ரூட் கேனால் செய்த பல் உடம்பு முழுவதும் நோயைப் பரப்பும் என்று 1920-களில் அமெரிக்காவில் வெஸ்டன் பிரைஸ் என்ற பல் மருத்துவர் எழுதினார். அந்தக் கருத்து பரவியிருந்த காலத்தில் காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களையெல்லாம் பிடுங்கினார்கள். பின்னால் வந்த முறையான ஆய்வுகளில் அது நிற்கவில்லை. ஆனாலும் 2018-ல் 'ரூட் காஸ்' என்ற படம் அதே பழைய கதையைச் சொன்னது. எதிர்ப்பு வந்தபின் 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் அதை எடுத்துவிட்டது. உண்மையான ஆபத்து எது, எவ்வளவு என்று முன்பே தெரிந்தவரிடம் இந்த மாதிரி பூச்சாண்டி எடுபடாது.

எனவே நாற்காலியில் சாய்வதற்கு முன் நான்கு கேள்விகள் போதும். எத்தனை சிட்டிங்? கேப் வேண்டுமா, அதோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு? எச்சில் உள்ளே போகாமலும் ஃபைல் தொண்டைக்குள் நழுவாமலும் தடுக்கிற ரப்பர் டேம் போடுவீர்களா? முடிந்ததும் எக்ஸ்ரே எடுத்துக் காட்டுவீர்களா?

நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் வேறு டாக்டரைப் பார்ப்பது நல்லது. பதில் கிடைத்தபின் கடைசி சிட்டிங்வரை போவது நோயாளியின் பொறுப்பு, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.