கழுத்து வலியும் கல்லீரலும்: அக்குபங்சரை முன்வைத்துச் சில எண்ணங்கள்

இது சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். தலைவலி, கழுத்து வலி, தூக்கமின்மை, செரிமானக் கோளாறு போன்ற அன்றாடத் தொல்லைகளுக்கு அக்குபங்சரையும் சீன மரபு மருத்துவத்தையும் நாடலாமா என்று விடுதித் தோழியர் பலர் என்னிடம் கேட்பதுண்டு. நான் மருத்துவர் அல்லள், மொழியியல் பயின்றவள். ஆயினும் இந்த வினாவில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை என் தவறொன்றின் வழியாக அறிந்துகொண்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆய்வேட்டின் இரண்டாம் இயலை எழுதிக்கொண்டிருந்த தில்லிக் குளிர்காலத்தில் எனக்குக் கழுத்து வலி தொடங்கியது. நாள்தோறும் பத்து மணி நேரம் மடிக்கணினியின் முன் குனிந்திருந்ததன் விளைவு அது. எக்ஸ்ரேயில் குறை ஏதும் இல்லை. எலும்பியல் மருத்துவர் வலி மாத்திரையும் உடற்பயிற்சியும் எழுதிக் கொடுத்தார். மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. பயிற்சியை நான் ஒழுங்காகச் செய்யவில்லை. தோழி ஒருத்தியின் சொற்படி ஓர் அக்குபங்சர் நிலையத்திற்குச் சென்றேன். சிகிச்சையாளர் இரு மணிக்கட்டுகளிலும் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பின்னர் இந்தியில், "உங்கள் லிவர் பலவீனமாக இருக்கிறது, அதனால்தான் கழுத்து இறுகுகிறது" என்றார். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. மறுநாளே கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டேன். எல்லா அளவுகளும் இயல்பாகவே இருந்தன. ஆறு அமர்வுகளில் வலி பெருமளவு குறைந்தது. கல்லீரல் கதையை நகைச்சுவையாக்கி எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

அந்தக் கதையைக் கேட்டவர்களுள் எங்கள் விடுதியின் இளைய மாணவி ஒருத்தியும் இருந்தாள். அவளுக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு உண்டு; பள்ளிக் காலந்தொட்டு நாள்தோறும் மாத்திரை எடுத்துக்கொள்பவள். அடிக்கடி வந்த தலைவலிக்காக அவளை அதே நிலையத்திற்கு அழைத்துச் சென்றவள் நான்தான். உடலின் சக்தி தானே சீராகிவிடும் என்றும், இரசாயன மாத்திரை அதன் ஓட்டத்தைத் தடுக்கிறது என்றும் அவளிடம் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. அவள் மாத்திரையை நிறுத்தினாள், எனக்குத் தெரியாது. சில மாதங்களில் முகம் ஊதியது, குரல் தடித்தது, கருத்தரங்குகளில் உட்கார்ந்தபடியே உறங்கினாள். நாங்கள் அதனை மனச்சோர்வு என்று நினைத்தோம். குருதிப் பரிசோதனைக்குப் பின்னரே உண்மை வெளிப்பட்டது. மீண்டும் மாத்திரை தொடங்கித் தேறிவிட்டாள். ஆனால் ஒரு பருவத் தேர்வு போயிற்று. "அக்கா, உங்களுக்கு அவர் சொன்னது பலித்ததே என்றுதான் நம்பினேன்" என்றாள். அச்சொல் இன்னும் என்னை உறுத்துகிறது. என் கழுத்து அவளது தைராய்டுக்குச் சான்றாகிவிட்டது.

இதனை ஒரு தனிமனிதரின் பொறுப்பின்மை என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்தச் சிகிச்சையாளர் பயன்படுத்திய "லிவர்", "சக்தி" என்ற இரு சொற்களும் எங்கிருந்து வந்தன என்று தேடியபோது, சிக்கல் அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று புரிந்தது.

அக்குபங்சர் என்பதே சீனச் சொல் அன்று. சப்பானின் தெசிமாத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் வில்லெம் டென் ரைனே 1683-இல் இலண்டனில் வெளியிட்ட இலத்தீன் நூலின் வழியாகப் பரவிய சொல் அது. ஊசி, குத்துதல் என்னும் இரண்டு இலத்தீன் சொற்களின் சேர்க்கை. சீனர்கள் சொல்வது "ஜென்ஜியு". அதன் பொருள் ஊசியும் சூடும். மூலிகைப் பஞ்சைக் கொளுத்தி உடலில் வெம்மையூட்டும் பாதி, ஐரோப்பியப் பெயரில் உதிர்ந்துவிட்டது. ஊசி செருகப்படும் தடங்களைச் சீனம் "ஜிங்" என்கிறது. அச்சொல்லுக்குத் தறியின் பாவு நூல் என்றும் பொருள். செவ்வியல் நூல் என்றும் பொருள். இழைக்கும் ஏட்டுக்கும் நூல் என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும். உடலை நெய்த துணியாகக் காணும் இந்த உருவகத்தை, பிரெஞ்சு அறிஞர் சூலியே த மொரான் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிலநூலின் தீர்க்கரேகையைக் குறிக்கும் "மெரிடியன்" என்ற சொல்லால் பெயர்த்தார். "ச்சி" என்பதற்கு அவர் "எனர்ஜி" என்று எழுதினார். ச்சி என்பது மூச்சு, ஆவி, காற்று, உயிர்ப்பு எனப் பல பொருள்களில் புழங்கிய சொல். எனர்ஜி என்றதும் அது மின்சாரம் போல ஒலிக்கத் தொடங்கியது. இந்தியில் அது ஊர்ஜா, தமிழில் உயிர்ச்சக்தி. ஒவ்வொரு பெயர்ப்பிலும் பழைய மருத்துவச் சொல்லுக்கு இயற்பியலின் மதிப்பு சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே வந்தது.

உறுப்புப் பெயர்களின் கதை இன்னும் சிக்கலானது. சீன மரபில் "கன்" என்பது உடற்கூறியல் காட்டும் கல்லீரல் மட்டும் அன்று. தசைநார்களின் இயக்கம், சினம், ச்சியின் தடையற்ற ஓட்டம் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்துச் சுட்டும் ஒரு செயல்வட்டம். "பி" என்பதை மண்ணீரல் என்று பெயர்க்கிறோம். ஆனால் சீன மரபில் அதன் முதன்மைப் பணி செரிமானம். நவீன உடற்கூறியலில் மண்ணீரலுக்குச் செரிமானத்தில் பங்கே இல்லை. நவீன மருத்துவம் கிழக்காசியாவிற்கு வந்தபோது பழைய எழுத்துகளையே புதிய உறுப்புகளுக்கும் இட்டனர். இதனால் ஒரே பெயர் இரு வேறு பொருள்களைச் சுமக்க நேர்ந்தது. ஆகவே "லிவர் பலவீனம்" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை; நான் கேட்டதும் அவர் சொன்னதும் வெவ்வேறு.

உலகச் சுகாதார நிறுவனம் இந்தச் சிக்கலை உணர்ந்திருக்கிறது. 2019-இல் ஏற்கப்பட்ட நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் மரபு மருத்துவத்திற்கென ஒரு தனி இயல் உண்டு. அதில் வரும் ஒவ்வொரு சீன மரபு நோய்ப் பெயரின் பின்னும் "டி.எம்.1" என்ற குறி ஒட்டப்பட்டிருக்கும். இது வேறு அகராதியின் சொல் என்பதே அந்தக் குறியின் பொருள். நம் சிகிச்சை அறைகளில் அந்தக் குறி பேச்சில் வருவதில்லை.

சரி, சொற்களை விட்டுவிடுவோம். ஊசி பயன் தருகிறதா இல்லையா என்று கேட்பீர்கள். ஜெர்மனியில் நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வை மட்டும் சுட்டுகிறேன். நாள்பட்ட கீழ்முதுகு வலி கொண்ட 1,162 பேரை மூன்று பிரிவுகளாகப் பிரித்தனர். முதற்பிரிவினருக்கு மரபுப்படியான புள்ளிகளில் ஊசி. இரண்டாம் பிரிவினருக்குப் புள்ளிகள் அல்லாத இடங்களில் மேலோட்டமான ஊசி. மூன்றாம் பிரிவினருக்கு மருந்து, உடற்பயிற்சி முதலிய வழக்கமான சிகிச்சை. ஆறு மாதங்களுக்குப் பின் முன்னேற்றம் கண்டோர் முறையே 47.6, 44.2, 27.4 விழுக்காட்டினர்.

இந்த மூன்று எண்கள் இரு தரப்பினரையும் சங்கடப்படுத்தும். அக்குபங்சர் வெறும் ஏமாற்று என்போர், வழக்கமான சிகிச்சையைவிட ஊசி கூடுதல் பேருக்கு நிம்மதி தந்ததை விளக்க வேண்டும். மரபை அப்படியே ஏற்போர், சரியான புள்ளியில் குத்தினாலும் தவறான இடத்தில் குத்தினாலும் விளைவு ஏறத்தாழ ஒன்றாக இருந்ததை விளக்க வேண்டும். வலியைப் பொறுத்தவரை ஊசியின் தூண்டல், படுத்து ஓய்ந்திருக்கும் அரை மணி நேரம், ஒருவர் நம்மைத் தொட்டு அக்கறையுடன் கேட்பது, எதிர்பார்ப்பு ஆகிய எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன என்று கொள்வதே எனக்கு நேர்மையாகப் படுகிறது. அந்த நிம்மதி பொய்யன்று. ஆனால் அது தடங்களின் வரைபடத்தை மெய்ப்பிக்கவும் இல்லை. வலி குறைவதும் தைராய்டு சுரப்பதும் ஒரே வகை நிகழ்வுகள் அல்ல. முன்னதில் எதிர்பார்ப்புக்கு இடமுண்டு. பின்னதில் குறைந்துபோன சுரப்பை எதிர்பார்ப்பால் ஈடுசெய்ய இயலாது.

மானுடவியல் துறை நண்பர்கள் சிலர், சான்று கேட்பதே காலனிய மனநிலை என்கின்றனர். அந்த வாதத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சீன வரலாற்றைப் பார்க்கட்டும். 1822-இல் அரசவை மருத்துவ நிறுவனத்திலிருந்து அக்குபங்சரை நீக்கியவர் சீனப் பேரரசரே. 1929-இல் மரபு மருத்துவத்தைத் தடைசெய்யும் முன்மொழிவைக் கொண்டுவந்ததும் சீன அரசின் சுகாதாரக் குழுவே. அதனை எதிர்த்துப் போராடியவர்களும் சீன மருத்துவர்களே. இன்று நாம் ஒரே முறைமையாகக் காணும் பாடத்திட்டம் 1950-களில் மக்கள் சீன அரசால் தொகுத்துச் சீராக்கப்பட்டது. கேள்வி கேட்டல் அந்த மரபிற்கு வெளியிலிருந்து மட்டும் வந்ததன்று.

மரபு ஏட்டைக் கவனமாக வாசித்தால் என்ன கிட்டும் என்பதற்கும், கவனமின்றி வாசித்தால் என்ன நேரும் என்பதற்கும் இரண்டு சான்றுகள் உண்டு. மலேரியாவுக்கு மருந்து தேடிய தூ யோயோ, நான்காம் நூற்றாண்டின் கெ ஹொங் எழுதிய கைந்நூலில் "சிங்ஹாவ்" மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்குமாறு கூறப்பட்டிருப்பதைக் கண்டார். கொதிக்கவைக்க வேண்டும் என்று அங்கே இல்லை. வெப்பம் மருந்துப் பொருளைச் சிதைக்கிறது போலும் என்று ஊகித்துக் குறைந்த வெப்பநிலையில் சாறெடுத்தார். ஆர்ட்டிமிசினின் கிடைத்தது, 2015-இல் நோபல் பரிசும். ஆனால் சாற்றை விலங்குகளிலும், பின்னர்த் தம் உடலிலும், நோயாளிகளிடமும் சோதித்த பின்னரே அவர் மருந்து என்றார்.

மற்றொன்று பெல்ஜியத்தில் நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை கலந்த மருந்தை உட்கொண்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. கலக்க வேண்டியது ஸ்டெஃபானியா இனத்தைச் சேர்ந்த "ஃபாங்ஜி". கலக்கப்பட்டது அரிஸ்டலோக்கியா இனத்தைச் சேர்ந்த "குவாங் ஃபாங்ஜி". பெயரில் ஓரசை வேறுபாடு. பின்னாளில் அவர்களுள் பலருக்குச் சிறுநீர்ப் பாதைப் புற்றும் கண்டறியப்பட்டது. நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே அரிஸ்டலோக்கியாப் பேரினத்தைச் சேர்ந்தவை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். இயற்கையானது தீங்கற்றது என்ற நம்பிக்கைக்குத் தாவரவியல் துணை நிற்பதில்லை.

இந்தியாவில் அக்குபங்சருக்கு மதிக்கத்தக்க ஒரு வரலாறு உண்டு. 1938-இல் போரில் சிக்கிய சீனத்திற்குக் காங்கிரஸ் அனுப்பிய மருத்துவக் குழுவில் சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகாநாத் கோட்னிஸ் இருந்தார்; அங்கேயே 1942-இல் மறைந்தார். அக்குழுவின் மற்றோர் உறுப்பினரான பிஜய் குமார் பாசு, 1950-களின் இறுதியில் மீண்டும் சீனம் சென்று ஊசி முறையைக் கற்றுக் கல்கத்தாவில் தொடங்கிவைத்தார். மேற்கு வங்கம் 1996-இல் தனிச்சட்டம் இயற்றியது. 2019-இல் நடுவண் அரசும் இதனைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்று ஆணையிட்டது. ஆயினும் யார் பயின்றவர், யார் பயிலாதவர் என்று நோயாளி அறிந்துகொள்ள நாடு முழுவதும் ஒரே சீரான வழி இல்லை. பாசு முழுமையான நவீன மருத்துவப் பயிற்சி பெற்றவர். எது ஊசிக்கு உரியது, எது உரியதன்று என்று பிரித்தறியக்கூடியவர். சில வாரப் பயிற்சியுடன் பலகை மாட்டுபவர் அந்த மரபின் வாரிசு ஆகிவிட மாட்டார்.

எனவே, என்னிடம் கேட்டவர்களுக்கு என் விடை இது. கழுத்து வலி, முதுகு வலி, அடிக்கடி வரும் தலைவலி ஆகியவற்றிற்கு, மருத்துவர் ஒருவர் பார்த்துப் பெருங்கோளாறு இல்லை என்று உறுதிசெய்த பின், ஊசியை முயன்று பார்ப்பதில் பிழையில்லை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும். ஐந்தாறு அமர்வுகளில் மாற்றம் இல்லையெனில் நிறுத்திவிடுங்கள். உறுப்பின் பெயர் சொல்லப்பட்டால், "நீங்கள் சொல்வது உடற்கூறியல் உறுப்பையா, சீன மரபின் கருத்தையா?" என்று கேளுங்கள். மூலிகை தரப்பட்டால் அதன் தாவரவியல் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். தைராய்டு, நீரிழிவு, வலிப்பு, ஆஸ்துமா, மன நோய் ஆகியவற்றிற்கான மருந்தை நிறுத்தச் சொல்பவர் எவராயினும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கல்விப்புலத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. நமக்குக் கிடைத்த நிம்மதியைப் பிறரிடம் சொல்லும்போது, எதற்குக் கிடைத்தது, எதற்கு அது பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நான் சொல்லாமல் விட்ட அந்த ஒரு தொடருக்கான விலையை வேறொருத்தி கொடுத்தாள். இந்தப் பதிவை அவளிடம் படித்துக் காட்டி, ஒப்புதல் பெற்ற பின்னரே வெளியிடுகிறேன்.

மாற்றுக் கருத்துடையோர் கீழே எழுதுங்கள். சீனம் அறிந்த நண்பர்கள் என் சொல் விளக்கங்களில் பிழை கண்டால் திருத்துங்கள், நன்றியுடன் ஏற்பேன்.