ஒரே ஆள், ரெண்டு வேலை... டிராவிஸ் ஹன்டரை என்ன செய்யப்போகிறது ஜாக்சன்வில்?

'ஃபுட்பால்'னு சொன்னதும் மெஸ்ஸி, ரொனால்டோன்னு போயிடாதீங்க. இது அமெரிக்கர்கள் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் முட்டை வடிவப் பந்து ஆட்டம். இதில் ஒரு டீமுக்குள்ளேயே ரெண்டு டீம் உண்டு. பந்து நம்மிடம் இருந்தால் தாக்குதலுக்கு 11 பேர் இறங்குவார்கள். எதிரணிக்குப் போனால் அவர்கள் வெளியே வந்து, தடுக்க வேறு 11 பேர். தூக்கி எறியும் பந்தைப் பிடிப்பவர் 'வைட் ரிசீவர்'. அவர் கூடவே ஓடி, பிடிக்கவிடாமல் பண்ணுபவர் 'கார்னர்பேக்'.

இந்த ரெண்டு வேலையையும் ஒரே மேட்ச்சில் ஒருத்தரே பார்த்தால்? அவர்தான் டிராவிஸ் ஹன்டர்.

ஸ்கூல் முடித்ததும் ஃப்ளோரிடா ஸ்டேட் மாதிரி பெரிய இடத்துக்குப் போகவேண்டியவர், கோச் டியான் சாண்டர்ஸை நம்பி, சின்ன டிவிஷனில் ஆடும் ஜாக்சன் ஸ்டேட்டுக்குப் போனார். 2022 டிசம்பரில் சாண்டர்ஸ் கொலராடோவுக்கு மாற, இவரும் பின்னாலேயே போனார். 2024-ல் நடந்தது வேற லெவல். பிடித்த பந்துகள் 96, ஓடியது 1,258 கெஜம், டச்டவுன் 15. அந்தப் பக்கம் தடுப்பில் எதிரணி எறிந்த பந்தைப் பறித்தது 4 முறை. சிறந்த ரிசீவர் விருது, சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது, எல்லாவற்றுக்கும் மேல் ஹைஸ்மேன் டிராஃபி... மூன்றும் அவருக்கே!

2025 டிராஃப்டில் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அவரை 2-வது ஆளாகத் தூக்கியது. அதுக்காக கிளீவ்லாண்டுக்கு 2026-ன் முதல் சுற்று வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்தது. நான்கு வருட ஒப்பந்தம், 4.6 கோடி டாலருக்கும் மேல்.

சிக்கல் இங்கேதான். திறமையில் இல்லை, நேரத்தில். ஒரு காலத்தில் எல்லோரும் ரெண்டு பக்கமும் ஆடியவர்கள்தான். 1950-ல் என்.எஃப்.எல் ஆட்களை இஷ்டத்துக்கு மாற்றலாம் என்றதும், ஒரே வேலையில் கில்லியாக இருப்பவர்களின் காலம் வந்தது. நம்ம ஐ.பி.எல் 'இம்பாக்ட் பிளேயர்' விதியால் ஆல்ரவுண்டர்களுக்கு ஓவர் குறைகிறது என்ற புகார் மாதிரிதான். இன்று தாக்குதல் குழுவுக்கு ஒரு ரூமில் மீட்டிங் என்றால், தடுப்புக் குழுவுக்கு அதே நேரம் இன்னொரு ரூமில். ஹன்டர் எதில் உட்காருவார்?

முதல் சீசனில் ஆடியது 7 மேட்ச். ரிசீவராக அதிகம், கார்னர்பேக்காகக் குறைவு. அக்டோபரில் லண்டனில் ராம்ஸுக்கு எதிராக 8 கேட்ச், 101 கெஜம், முதல் டச்டவுன். 'அப்பாடா, செட் ஆகிட்டாரு'ன்னு நினைத்த அடுத்த சில நாள்களில், பயிற்சியில் முழங்கால் தசைநார் போனது. அறுவை சிகிச்சை, சீசன் க்ளோஸ்.

'அப்பவே சொன்னோமே' என்பவர்களை நான் ஏற்கமாட்டேன். ஒரே வேலை பார்ப்பவர்களுக்கும்தான் முழங்கால் போகிறது. ஆனால், அந்த 7 மேட்ச்சில் எந்த வேலையும் முழுசாக அமையவில்லை என்பதும் நிஜம். என்னைக் கேட்டால், கார்னர்பேக்கை முழுநேர வேலையாக வைத்து, தேவைப்படும்போது மட்டும் ரிசீவராக இறக்கலாம். தலைசிறந்த கார்னர்பேக்கான சாண்டர்ஸே 1996-ல் டல்லாஸுக்காக 36 கேட்ச் பிடித்தார். ஆனா, அவ்வளவு பிடித்தது அந்த ஒரு சீசனில்தான்.

டிராஃப்டுக்கு முன்பு, ரெண்டு பக்கமும் ஆட விடலைன்னா ஃபுட்பாலே வேண்டாம் என்ற ரீதியில் பேட்டி கொடுத்தவர் ஹன்டர். அவரிடம் போய், 'தம்பி, கொஞ்ச நேரம் பெஞ்ச்ல உட்காரு'ன்னு சொல்லவேண்டிய வேலை, கோச் லியாம் கோயன் தலையில்!